கன்னப் பக்கம்

பிப்ரவரி 9

சகலை அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்பது மரபு என்பதால் கேட்கிறேன். பதில் வராவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

நேற்று உங்கள் சின்னவள் தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கரில். எங்கள் வீடு சின்னது. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் தானாகக் காதில் விழும். தண்ணீர்த் தொட்டி கழுவியது, ஜன்னல் திரை மாற்றியது, இவற்றுக்கு நடுவே, "இவரு அப்பா காரோட பின் ஆக்சிலக் கழட்டிப் போட்டுட்டு வேற காரோடத மாட்டிட்டாருக்கா" என்றாள். ஜன்னல் திரைக்கும் ஆக்சிலுக்கும் அவள் குரலில் வித்தியாசம் இல்லை.

உங்கள் மனைவியும் என் மனைவியும் கூடப் பிறந்தவர்கள் என்பதைத் தவிர நமக்குள் வேறு உறவு கிடையாது. ஆனால் மாமாவின் கார் விஷயத்தில் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. அவருக்குக் கண் மங்கிய பிறகு அந்தக் காரை ஓட்டியவன் யார்? ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து வந்து, அவரைக் கண் மருத்துவமனைக்கும், நண்பர் வீட்டுக்கும், சும்மா கடைத்தெருவைச் சுற்றிக் காட்டவும் கூட்டிப்போனவன் யார்? அப்போது நீங்கள் கிளினிக் திறந்து, ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "வண்டி உங்க பேச்சத்தான் கேக்குது மாப்ள. எனக்கப்புறம் நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். சாட்சிக்கு யாரும் இல்லை. சாட்சி வைத்துப் பேசும் குடும்பம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அவர் போன பிறகு எல்லாரும் உள்ளே உட்கார்ந்து பேசினீர்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தபோது கார்ச்சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்கே நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். பல் பிடுங்குவது உங்கள் தொழில். அதற்காக நிற்கிற காரிலிருந்து ஆக்சிலையும் பிடுங்குவதா? யாரைக் கேட்டுப் பிடுங்கினீர்கள்?

தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டாம். பேச்சு காற்றோடு போவதைப் பார்த்தவன் நான். எழுதுங்கள்.

சின்னவளுக்கும் அத்தைக்கும் என் விசாரிப்புகள்.

பெரியவளின் கணவன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சின்னவளுக்கும் படித்துக் காட்டினேன். "நல்லாத் திட்டியிருக்காரு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆக்சிலை மாற்றியது உண்மை. பழையது சரியில்லை. புதியது அதே கம்பெனியின் பிந்தைய மாடலில் இருந்து எடுத்தது. நீண்ட சாலையில் என்ஜின் அலறாமல் ஓடும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும் என்கிறார் மெக்கானிக். இப்போது ஒரு சிக்கல். பழைய சக்கரத்துக்கு நான்கு போல்ட். புதிய ஆக்சிலுக்கு ஐந்து. "முன்னாடி செருப்பு, பின்னாடி பூட்ஸ் போட்டுட்டுப் போக முடியுமா டாக்டர்?" என்று சொல்லி, முன்பக்கத்துக்கும் அதே மாடலில் இருந்து, சக்கரம் பொருந்துகிற ஐந்து போல்ட் ஹப்பைத் தேடி மாட்டிவிட்டார். ஆகவே மாமாவின் பழைய சக்கரம் எதுவும் சேராது. நான்கு சக்கரமும் நான்கு டயரும் புதிதாக வேண்டும். தவிர, முன்னும் பின்னும் இவை பழையதைவிட அகலம். சக்கரம் உட்காருகிற இடம் ஒவ்வொரு பக்கமும் முப்பது மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது.

எந்தச் சக்கரம், என்ன டயர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் கொடுத்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வண்டி இப்போது மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. நீங்கள் சொல்லும் வரை நிற்கும்.

இன்னொன்று. நான் உங்களைவிடச் சின்னவன். "நீங்கள்" போட்டு எழுத வேண்டாமே.

அன்புடன்
தம்பி


மார்ச் 6

சகலை அவர்களுக்கு,

நலம். அவ்விடமும் அப்படியே என்று உங்கள் கடிதத்தில் இருந்து ஊகிக்கிறேன். ஊகம்தான், ஏனென்றால் அதைக் கடிதம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டச்சு செய்திருக்கிறீர்கள். எங்கள் கல்லூரி முதல்வர் எனக்குக் குறிப்பாணை அனுப்பும்போது இப்படித்தான் அனுப்புவார். என்னைவிட இளையவனை, கணிதத்தில் என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தவனை, துறைத்தலைவர் ஆக்கிய செய்தியும் இதே மாதிரி காகிதத்தில்தான் வந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தில்கூட நீங்கள் பேனாவை எடுக்கவில்லை. ஒரு சகலைக்கு நாலு வரி கையால் எழுத நேரம் இல்லாத அளவுக்கு ஊரில் பல்வலி பெருகிவிட்டதா?

"நீங்கள்" போட வேண்டாம் என்கிறீர்கள். மரியாதை ஒன்றுதான் இந்தக் குடும்பத்தில் என் கைவசம் மிச்சம் இருக்கிறது. அதையும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்களா?

படங்களைப் பார்த்தேன். முதல் படத்தில் இருப்பது காரின் சக்கரமா, வரவேற்பறையில் தொங்குகிற விளக்கா? நட்சத்திரம் மாதிரி அலுமினியம், அதன் மேல் பளபளப்பு. உங்கள் கிளினிக் வாசலில் வெள்ளைப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் விளம்பரப் பெண்ணுக்கு அது பொருந்தும். இரண்டாவது கம்பிச் சக்கரம். மாமா சாதாரணமான மனிதர், சாதாரணமான கார் வைத்திருந்தார். அதற்குப் பந்தயக் காரின் கம்பியைப் போட்டு எதற்கு வேஷம் கட்டுகிறீர்கள்? மூன்றாவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. டயர் ஒரு ரப்பர் வளையல் அளவுக்கு இருக்கிறது. ஒரு குழியில் இறங்கினால் முதுகெலும்பு கழுத்து வழியாக வெளியே வரும்.

அதிருக்கட்டும். "பழையது சரியில்லை" என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டீர்கள். என்ன சரியில்லை? எந்த இடத்தில்? யார் பார்த்தது? அத்தனை வருஷம் ஓடிய ஆக்சில் உங்கள் ஷெட்டுக்கு வந்ததும் கெட்டுப்போகுமா? இதற்குப் பதில் வராமல் நான் சக்கரத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் சொன்னாலும் திறக்க மாட்டேன்.

பெரியவள் முழங்கால் பரவாயில்லை. உங்கள் விசாரிப்பைச் சொன்னேன், "எவ்வளவு நல்ல மனுஷன்" என்றாள். இந்த வீட்டிலும் எனக்கு ஆதரவு இல்லை.

பெ. கணவன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாக்டர்கள் கையெழுத்து யாருக்குப் புரிகிறது? உங்கள் நன்மைக்காகத்தான் இயந்திரம்.

பிடுங்கிய பல்லை நோயாளியிடம் காட்டிவிடுவது என் வழக்கம். இல்லாவிட்டால் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டான் என்று ஆயுளுக்கும் சொல்வார்கள். அதனால் இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. கனமாக இருக்கும், தபால்காரரிடம் சொல்லி வையுங்கள். பழைய ஆக்சிலுக்குள் இருந்த சின்னப் பல்சக்கரம் அது. ஒரு பல் பாதி இல்லை. பக்கத்துப் பல்லில் விரிசல். மற்றவை ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதை விரல் வைத்தாலே உணரலாம். மெக்கானிக் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "இது இன்னிக்கு நேத்து போனது இல்ல டாக்டர். பத்து வருஷமா மொனகியிருக்கும். கூட ஓட்டினவங்க யாருக்கும் கேக்கலயா?" என்றார்.

கேட்டது. உங்களுக்குக் கேட்டது. சாப்பிடும்போது நீங்கள், "பின்னாடி ஏதோ மொனகுது மாமா" என்றீர்கள். மாமா, "மாப்ளைக்குக் காது பின்னாடி இருக்கு போல" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்.

இப்போதெல்லாம் பகலில் ஷெட்டில்தான் இருக்கிறேன். வண்டியைச் சுற்றி வருகிறேன். சக்கரம் இல்லாமல் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. முடிவு சொல்லுங்கள்.

அத்தை நலம்.

தம்பி


ஏப்ரல் 8

சகலை அவர்களுக்கு,

நலமா? நான் இன்று மிக நலம்.

பார்சல் வந்தது. தபால்காரர் அதை இறக்கிவைத்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார். "என் மாமனார் வீட்டு நியாயம்" என்றேன். அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உடைந்த பல்லை விரலால் தடவிப் பார்த்தேன். அந்த முனகல் அந்தப் பல்தான். மேடு ஏறும்போது வராது, சமதரையில் காலை லேசாக எடுத்ததும் வரும். நான் இதே வார்த்தைகளில்தான் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் புரையேறும் வரை நீங்கள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு காலம் கழித்து, "நானும்" என்று ஒரு சொல் போட்டால் தீர்ந்துவிடுமா? அந்த இரும்பைப் பரீட்சைத் தாள்கள் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். தினமும் கோபம் புதிதாக வருகிறது. நல்ல கோபம்.

பகலில் ஷெட்டில் இருக்கிறீர்களாமே. நோயாளிகள் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்களா? நான் எல்லா வகுப்பையும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, உங்களுக்காக இதைக் கணக்குப் போட்டேன். கவனமாகப் படியுங்கள்.

சக்கரம் சாதாரண எஃகு. விளிம்புக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள பழைய மாதிரி. வண்டியின் அதே பாலாடை நிறத்தில் பூசுங்கள். வெள்ளை அல்ல, பாலாடை. சக்கரத்தின் நடுவை மூடுகிற மாமாவின் பளபள கப்புகளைத் தூக்கிப் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் பெரியவளைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கே வருகிறேன். போடவில்லை என்றால், அவை பழைய சக்கரத்தில் எந்த அளவு வட்டத்தில் கவ்வி நின்றனவோ, அதே வட்டம் புதிய சக்கரத்திலும் இருக்க வேண்டும்.

டயர் பழையதைவிட ஒரு சுற்று அகலமாக இருக்கலாம். அதே ஒல்லி டயர் இப்போது வேகச்சாலைக்குத் தகுந்த தரத்தில் வருவதில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் சுவர் உயரமாக இருக்க வேண்டும், தரையிலிருந்து மொத்த உயரம் பழைய டயரைத் தாண்டக் கூடாது. ஏனென்றால் ஆக்சில் மாறியதில் வேகமானி ஏற்கெனவே குறைத்துத்தான் காட்டும். பெரிய டயர் போட்டால் இன்னும் குறைத்துக் காட்டும். இந்தக் குடும்பத்தில் உண்மையைக் குறைத்துச் சொல்ல ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், வேகமானியும் சேர வேண்டாம்.

கடைசியாக, முக்கியமாக: ஆக்சில் அகலமான கணக்கை இங்கே நேர்செய்ய வேண்டும். முப்பது மில்லிமீட்டர் உள்ளே. இதைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுங்கள். முப்பது உள்ளே.

எனக்கு நன்றி எதுவும் வேண்டாம். வராது என்பதும் தெரியும்.

பெ. கணவன்


மே 21

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும்.

கப்புகள் பத்திரமாக இருக்கின்றன. பெயின்ட் பாலாடைதான்; சின்னவள் கடைக்குப் போய் நின்று கலக்க வைத்தாள். டயர் நீங்கள் சொன்ன அளவு. சக்கரங்கள் வந்து, மாட்டியும் பார்த்தோம். அழகாக இருக்கின்றன. ஆனால் நான்கும் மட்கார்டுக்கு வெளியே நிற்கின்றன. நன்றாகவே வெளியே. வண்டிக்கு நான்கு தெற்றுப்பல் முளைத்தமாதிரி இருக்கிறது. மரக்கட்டையில் இருந்து இறக்கியதுமே பின்டயர் தகட்டில் உரசியது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். கடைக்காரர் என்னிடம், "தட்டு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார். தட்டு என்றால் சக்கரத்தின் நடுவே போல்ட் ஓட்டைகள் இருக்கிற பாகம். அதைத்தான் வளையத்தில் இப்படியோ அப்படியோ தள்ளி வெல்டிங் செய்வார்கள். நான் உங்கள் தாளைப் பார்த்து, "முப்பது உள்ளே" என்றேன். அவர் தட்டை உள்ளே தள்ளினார். தட்டு உள்ளே போனால் சக்கரம் வெளியே வந்துவிடுகிறது. நீங்கள் சொன்னது சக்கரம் உள்ளே போவதை. எனக்கு இதை மாட்டிய பிறகுதான் புரிந்தது.

எங்கள் தொழிலில் இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் உள்ளே வெளியே என்றே சொல்ல மாட்டோம். பல்லுக்கு ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் கன்னம். நாக்குப் பக்கம், கன்னப் பக்கம் என்போம். யார் எங்கிருந்து பார்த்தாலும் மாறாது. வண்டியின் உடம்பை நாக்கு என்றும் தெருவைக் கன்னம் என்றும் வைத்துக்கொள்வோமா? அப்படியானால் சக்கரம் நாக்குப் பக்கம் போக, தட்டு கன்னப் பக்கம் வர வேண்டும். சரிதானா? நீங்கள் சரி என்றால் தட்டை வெட்டி மறுபடி வைக்கச் சொல்கிறேன்.

தம்பி


மே 27

சகலை அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

தெற்றுப்பல். மாமாவின் காருக்குத் தெற்றுப்பல். ஒரு பல் டாக்டர் தன் கையாலேயே தெற்றுப்பல் வைத்த வண்டி உலகத்தில் வேறெங்கும் இருக்காது. வாசலில் நிறுத்தி வையுங்கள், கிளினிக்குக் கூட்டம் குறையும்.

உள்ளே என்றால் சக்கரம் உள்ளே. வேறு எது உள்ளே போகும்? சக்கரத்தைப் பற்றித்தானே நாம் பிப்ரவரி மார்ச் என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம்? எழுவாய் சக்கரம். தட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை, என் பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டேன். எங்கிருந்து அளக்கிறோம் என்று குறிப்பிடாத மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைப்பது வழக்கம் என்று பெரியவள் நடுவில் புகுந்து சொன்னாள். அவளை யாரும் கேட்கவில்லை.

எனக்குப் புரிகிறது. அன்றைக்கும் இதேதான் நடந்தது. நீங்கள் உள்ளே, நான் வெளியே. இந்த வீட்டில் உள்ளே என்ற சொல்லுக்கு நீங்கள் இருக்கும் இடம் என்று பொருள். நான் முப்பது மில்லிமீட்டர் உள்ளே என்று எழுதினால்கூட அது வெளியே போய்த்தான் நிற்கும்.

நாக்கு, கன்னம் என்பதெல்லாம் சிறுபிள்ளைத்தனம். ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேச உடம்பின் பெயர் எதற்கு? ஆனாலும் கடைக்காரருக்கு வேறெதுவும் புரியாதென்றால் சொல்லித் தொலையுங்கள்: தட்டு கன்னப் பக்கம், ஏற்கெனவே தள்ளிய முப்பதையும் சேர்த்து அறுபது. சக்கரம் நாக்குப் பக்கம். எழுதியதைக் கடைக்காரரிடம் நீங்களே வாசித்துக் காட்ட வேண்டாம், தாளைக் கையில் கொடுங்கள்.

உடனே பதில் எழுதுங்கள். வெல்டிங் செய்யும் முன் எழுதுங்கள்.

பெ. கணவன்


ஜூலை 4

சகலை அவர்களுக்கு,

அனைவரும் நலம் என்று சின்னவள் தொலைபேசியில் சொல்கிறாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "இருக்காரு அத்தான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுக்கச் சொல்கிறாள். போன வாரம் பேசி முடித்ததும் பெரியவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். "நீங்க அவருக்கு இனிமே காட்டமா எழுதாதீங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

ஆகவே மறுபடி ஒரு கதவு, மறுபடி நான் வெளியே. என் வீட்டிலேயே.

நான் கடிதம் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கோபமா? கோபப்பட உங்களுக்கு என்ன இருக்கிறது? சாவி உங்களிடம், வண்டி உங்களிடம், மாமாவின் சிரிப்பும் உங்கள் பக்கம். என்னிடம் இருப்பது அரைப்பல் போன ஒரு இரும்பு. காரை விற்றுவிட்டீர்களா? அதைத்தான் மறைக்கிறீர்களா? அப்படியானால் தைரியமாக எழுதுங்கள்.

கையால் எழுதுங்கள். இயந்திரத்தில் வந்தால் பிரிக்க மாட்டேன்.

பெ. கணவன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

கையால் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை நிரப்ப எனக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. எழுத்து எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

போன வருஷக் கடைசியில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபிக் கோப்பையில் தெரிந்தது. பிறகு ஒரு நாள், ஒரு பெண்மணியின் வாய்க்குள் ஊசி வைக்கப் போய், வெளியே எடுத்துவிட்டேன். "என்ன டாக்டர், மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குப் பூட்டிய கிளினிக்கை இன்னும் திறக்கவில்லை. இது போகாதாம், மெதுவாகக் கூடுமாம். மருந்து சாப்பிடுகிறேன். கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொன்னவன் நான்தான். காரணம் இது. இங்கே எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். அத்தை என் தட்டில் எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கி வைக்கிறார். தெருவில் பார்க்கிறவர்கள், "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. யாரைக் கேட்டுப் பிடுங்கினீர்கள் என்று. நான் ஷெட்டில் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன். என்னை நோயாளியாக நினைக்காத ஒரே ஆள் நீங்கள்தான். தெரிந்துவிட்டால் நீங்களும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்று பயந்தேன். தெற்றுப்பல் கடிதத்தை மெக்கானிக்கிடம்கூடப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து ஸ்பேனரைக் கீழே போட்டார்.

இந்த ஒரு மாதமும் எழுதாதது கோபத்தால் இல்லை. மருந்தை மாற்றினார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது பரவாயில்லை.

காரை விற்கவில்லை. பழைய ஆக்சிலோடு அந்த வண்டி உங்கள் ஊர்வரை வராது. வழியிலேயே நின்றிருக்கும். அதனால்தான் மாற்றினேன். சக்கரத்தை உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் அதனால்தான். வண்டி உங்களுக்கு. முதலிலேயே சொல்லியிருந்தால் தானமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

தட்டைக் கன்னப் பக்கம் தள்ளி வைத்துவிட்டார்கள். தாளைத்தான் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. சக்கரங்கள் மட்கார்டுக்குள் கச்சிதமாக வந்துவிட்டன. நட்டை மட்டும் கையால் சும்மா திருகி வைத்திருக்கிறது. இறுக்க ஆள் வேண்டும்.

தம்பி


ஜூலை 24

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. ஒன்றொன்றாகப் பதில் சொல்கிறேன்.

முதலாவது, கையெழுத்து. நடுக்கமாம். உன் கல்யாணத்துக்கு முன்னால் மாமாவுக்கு நீ எழுதிய கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன், அப்போதே கோழி கிளறினமாதிரிதான் இருந்தது. "இவன் டாக்டர் இல்ல, கம்பவுண்டர்" என்று அன்றைக்கே பெரியவளிடம் சொன்னேன். அதை இப்போது ஒரு நோயின் தலையில் கட்டித் தப்பிக்கப் பார்க்காதே. எழுத எழுதத்தான் எழுத்து வரும். இரண்டு நாள் ஆனால் ஆகட்டும். வேலைவெட்டி இல்லாமல் ஷெட்டைத்தானே சுற்றுகிறாய்?

இரண்டாவது, என்னிடம் மறைத்தது. இவ்வளவு பெரிய விஷயம் மாமியாருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கும். சகலைக்குத் தெரியக் கூடாது. இதை நான் மறக்கப் போவதில்லை. நீ ரொம்ப நாள் இருப்பாய், நானும் இருப்பேன், இருக்கும்வரை சொல்லிக்காட்டுவேன். என் கடிதத்தை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டியதையும் சேர்த்து.

மூன்றாவது, வண்டி எனக்காம். என் வண்டியை எனக்குக் கொடுப்பதற்கு நீ யார்? சாவியை வைத்திருந்தால் உரிமையாளன் ஆகிவிடுவாயா? நீ இவ்வளவு நாள் ஷெட் கொடுத்தாய், அவ்வளவுதான். நான் இந்தச் சனிக்கிழமை வருகிறேன். ஓட்டப் போவது நான். ஆனால் என் ஊருக்கு எடுத்துக்கொண்டு வரப் போவதில்லை, இங்கே நிறுத்த இடமில்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் அடுத்தவன் காரில் சாவியால் கோடு போடுகிறவர்கள். வண்டி அங்கேயே நிற்கட்டும். நான் வாரக்கடைசியில் வருவேன். நீ என் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். சும்மா உட்காரக் கூடாது. பின்னால் ஏதாவது முனகுகிறதா என்று கவனித்துச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் நான் சிரிப்பேன். இது என் முறை.

நான்காவது, நட்டு. இறுக்க ஆள் வேண்டும் என்று எழுத உனக்கு வெட்கமாக இல்லை? அது பல் இல்லை, ஊசி இல்லை. ஸ்பேனருக்கு நடுக்கம் தெரியாது. காலை ஊன்றி, உடம்பின் கனத்தைக் கொடுத்து அழுத்தினால் போதும், அந்தக் கனம் உனக்கு நிறையவே இருக்கிறது. வரிசையாக இறுக்காதே. ஒன்றை இறுக்கினால் அடுத்ததை விட்டு அதற்கடுத்ததை இறுக்கு, நட்சத்திரம் வரைகிறமாதிரி. அலுமினியத்தில் நீ கேட்ட நட்சத்திரம் அங்கேதான் கிடைக்கும். நான் வரும்போது இருபதும் இறுகியிருக்க வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தாலும் மெக்கானிக் முன்னால் வைத்தே கேட்பேன். அத்தையிடம் சொல், உனக்குத் தட்டில் நறுக்கி வைப்பதை நான் வந்து பார்த்தால் எனக்கும் நறுக்கி வைக்க வேண்டியிருக்கும் என்று.

பெரியவளும் வருகிறாள், முழங்காலோடு. அரைப்பல் இரும்பையும் எடுத்து வருகிறேன். இனி அது வண்டியின் முன்பெட்டியில் இருக்கட்டும், நீ சிரித்ததற்குச் சாட்சியாக.

இந்தக் கடிதத்தில் உன் உடம்பை விசாரிக்கவில்லை. கவனித்திருப்பாய்.

அண்ணன்